ஐந்நூறு மீற்றர்

பனித்தரையில் சறுக்கி ஓடும் போட்டியை ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொன்னீர்கள், ஐயா. ஒருமுறை பாருங்கள். ஐந்நூறு மீற்றர் என்றால் நாலரைச் சுற்று. நாற்பத்தொரு விநாடியில் முடிந்துவிடும். தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்குவதற்குள் ஒருவனின் பத்து வருட உழைப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும்.

என் தம்பி ஜெனுஷன் நோர்வேக்காக ஓடுகிறான். ஏழு வயதில் சித்தியோடு போனவனுக்கு இப்போது இருபத்துநாலு. போன கிழமை நெதர்லாந்தில் ஐரோப்பியப் போட்டி. வெள்ளி முதற்சுற்று, சனி கால் இறுதி, ஞாயிறு அரை இறுதியும் இறுதியும். சாவகச்சேரியில் எங்கள் வீட்டு ரீவியில் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

நீங்கள் மரண விசாரணை அதிகாரி. அம்மா எத்தனை மணிக்கு இறந்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். அதற்குத்தான் வருகிறேன். போட்டியை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் என்னைப் பொல்லாதவன் என்று நினைப்பீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தியை நாங்கள் உடனே சொல்வதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சோதனை முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும், விசா கிடைக்கட்டும் என்று பொறுத்துத்தான் சொல்வோம். அப்பா இறந்தபோது ஜெனுஷனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. பன்னிரண்டு நாள் கழித்துச் சொன்னேன். ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் சோதனை பாஸ்.

இந்தமுறை புதன்கிழமையே போன் எடுத்துச் சொன்னான். “அம்மாவுக்கு ஏதும் எண்டால் ஒளிக்காதேங்கோ அண்ணை. ஓட்டம் அடுத்த வருசமும் வரும்.” ஓம் என்றேன். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லுவார்கள். தங்களுக்கு எது நல்லது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்.

வெள்ளி காலை ஆறரைக்கு அம்மா நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் குந்தியிருந்தார். தை மாதக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது. வாய்வு என்று சொல்லி, வாய்வு மருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி ஒட்டோவில் ஏழு நிமிடம். ஆனால் வாசலிலேயே யாராவது காண்பார்கள். தேவாலயத்து வட்ஸ்அப் குழுவில் ஜெபக் கோரிக்கை போய்விடும். அந்தக் குழுவில் ஜெனுஷனும் இருக்கிறான்.

பத்து மணிபோல அம்மா கொஞ்சம் தெளிந்தார். சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என இரண்டு குரற்பதிவு சொல்ல வைத்தேன். “வடிவா ஓடு ராசா, அம்மாவுக்கு ஒரு குறையுமில்லை” என்று நன்றாகவே சொன்னார். இரண்டாவதின் முடிவில் மட்டும், “கிளரன்ஸ், எனக்கு ஏலாமல் கிடக்கு. தம்பிக்கு ஒருக்காச் சொல்லிவிடன்” என்றார். அந்தத் துண்டை வெட்டினேன். மற்றபடி பதிவு நல்ல தெளிவு.

அன்று பின்னேரம் ஜெனுஷன் முதற்சுற்றில் தேறினான்.

பிரகாஸ் உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியும். ஒட்டோக்காரன் என்றாலும் பொய் சொல்லமாட்டான். சனிக்கிழமை நாலு ஐம்பத்திரண்டுக்கு அவனை வரச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் போகச் சொன்னேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

கால் இறுதியில் மூன்றாவது சுற்று வளைவில் பின்னால் வந்தவன் தள்ளியதில் ஜெனுஷன் விழுந்தான். எழும்பி ஓடிக் கடைசியாக வந்தான். போட்டி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இனி யாரிடம் எதை மறைப்பது? உடனே பிரகாஸுக்குப் போன் அடித்தேன். அம்மாவின் செருப்பைக்கூட எடுத்துக் கட்டிலடியில் வைத்தேன். அவருக்கு அப்போது மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து நடுவர் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டார். தள்ளியவனை நீக்கி, விழுந்தவனை அடுத்த சுற்றுக்கு ஏற்றுகிற விதி ஒன்று அந்த விளையாட்டில் இருக்கிறது. அரை இறுதிப் பட்டியலில் ஜெனுஷனின் பெயர் வந்தது.

பிரகாஸ் கேற்றடிக்கு வந்துவிட்டான். தேவையில்லை, போ என்றேன்.

“அம்மா அனுங்கிற சத்தம் கேக்குது, அண்ணை.”

“ரீவியடா அது.”

“ரீவியிலை தமிழோ கதைக்கினம்?”

கேற்றைச் சாத்தினேன்.

ஆறு மணிக்கு முன்னரே அம்மா போய்விட்டார். ஐந்தே முக்கால் என்று எழுதுங்கள். நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். அந்த நடுவர் வீடியோவைப் பாராமல் விட்டிருந்தால் அம்மா இன்று இருந்திருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தன் வேலையைச் செய்தார்.

ஞாயிறு காலை மீன் சந்தையில் ஐஸ் வாங்கினேன். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “என்ன கிளரன்ஸ், மீனை விட்டிட்டு ஐஸை மட்டும் கொண்டு வாறாய்?” என்றா. பழ யூஸ் போட என்றேன். “உந்தக் குளிருக்கோ?” என்று கேட்டா. அப்போதே அவவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். தேவாலயத்துக்குப் போனேன். அம்மாவுக்குத் தடிமன் காய்ச்சல் என்று போதகரிடம் சொன்னேன். எல்லோரும் ஜெனுஷனுக்காக ஜெபித்தார்கள். மத்தியானம் இரண்டாவது பதிவை அனுப்பினேன். அவன் ஒரு இதயம் போட்டுப் பதில் அனுப்பினான்.

இறுதிப் போட்டியில் மூன்றாவதாக வந்தான். வெண்கலம். தேவாலயத்துப் பொடியள் கேக்கும் வெடியுமாக முற்றத்தில் நின்றார்கள். லூர்த்தம்மா மட்டும் வெடி பார்க்க நிற்கவில்லை. “எங்கை மிரியம் அக்கா? ரெண்டு நாளாய் ஆளைக் காணேல்லை” என்றபடி நேரே அறைக்குப் போனா. நான் தடுக்கவில்லை. பதக்கம் கழுத்தில் விழுந்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்வி. வாய்வு என்று உண்மையிலேயே நம்பினேனா? இல்லை. பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்துப் பத்தொன்பது வருடம் நின்றவன் நான். வியர்வை, இடது கை, தாடை நோவு. வெள்ளி ஆறரைக்கே தெரியும். அலுமாரியில் அஸ்பிரின் இருந்தது. அதைக் கொடுத்தால் மாரடைப்பு என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு எந்த மகனாலும் ஒட்டோவைக் கூப்பிடாமல் இருக்கமுடியாது. அதனால் கொடுக்கவில்லை. சனி பின்னேரம் அவர் என் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி என்று கேட்டபோதும், திங்கள் போவம் என்றேன். திங்கள்வரை இருக்கமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.

ஜெனுஷனின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டீர்கள். அதைத்தான் தரமுடியாது. அவனுக்கு இன்னும் தெரியாது. அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கதைக்க ஏலாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒஸ்லோவில் சித்தியும் சம்மதித்துவிட்டா. போதகரும் குழுவில் ஒன்றும் போடவேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை அடக்கத்தை நாங்கள் அமைதியாக முடித்துக்கொள்ளுவோம்.

பங்குனியில் உலகப் போட்டி. அதுவரை பொறுங்கள், ஐயா. பிறகு நேரம் பார்த்து நானே பக்குவமாகச் சொல்லுவேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவரும் உங்களிடம் இதைத்தான் கேட்டிருப்பார்.