விடை கிடைக்காத தேடல்களைத் தேடிப் படித்தவருக்கு

தேடி வந்தோர் திகைத்து நின்ற இடங்களையெல்லாம் தேடிப் பிடித்துத் திருத்திய திருக்கரமே! தெளிவாகக் கேட்கத் தெரியாதவரின் கேள்விக்கும் தெளிவான விடை உண்டு என்று தளராது நம்பிய தாயுள்ளமே! வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவிகளைச் செய்கின்ற நம் நிறுவனத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி, அதில் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் இணைய உதவித் தளத்தைக் கட்டிக் காத்து, இன்று விடைபெறும் எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய பட்டியல் அக்கா அவர்களே! தங்களை வணங்கி, வாழ்த்தி, கொஞ்சம் வம்புக்கும் இழுக்கவே இம்மடலை வாசிக்கிறோம்.

தொலைபேசி உதவிப் பிரிவில், காதில் கேட்பொறியும் கையில் பென்சிலுமாகத் தாங்கள் பணியைத் தொடங்கினீர்கள். பதறிப் பேசுகிறவரைப் பதறாமல் கேட்பதில் தங்களுக்கு நிகர் தாங்களே! பின்னாளில் விடைகளையெல்லாம் எழுதி இணையத்தில் ஏற்றியபோது, இனி வேலை முடிந்தது என்று நாங்கள் கைதட்டிக் கலைந்தோம். தாங்களோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் என்ன தட்டித் தேடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தீர்கள்.

ஒருவர் தேடி, “எதுவும் கிடைக்கவில்லை” என்ற பதிலைப் பெற்றால், அவர் தட்டிய சொற்கள் ஒரு பட்டியலில் போய் விழும். அப்படியொரு பட்டியல் இருப்பதே எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப்பேர் அதைக் குப்பைக்கூடை என்று நினைத்தோம். தாங்கள் அதைக் காலைத் தேநீரோடு வரிவரியாகப் படித்தீர்கள். நாங்கள் “குறை ஓட்ட எச்சரிக்கை ஒலி” என்று கம்பீரமாகத் தலைப்பிட்டு வைத்திருக்க, மக்களோ “கீ கீன்னு சத்தம்” என்று தேடித் தோற்றுப் போனதைக் கண்டுபிடித்தீர்கள். “நாம வெச்ச பேரு அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டீர்கள். பொறியாளர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தலைப்பு மாறியது. மறுமாதமே அந்தச் சத்தம் பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று.

பாராட்டு மடலில் பிழையைப் பேசுவது வழக்கமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டால், “முக்கியமானதை விட்டுட்டீங்களே” என்று தாங்களே மேடையில் எழுந்து நின்று மானத்தை வாங்கிவிடுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தளம் குப்பையாகிவிட்டது என்று மேலாளர் அலுத்துக்கொள்ள, ஓராண்டாக யாருமே திறக்காத பக்கங்களைத் தாங்கள் தங்கள் கையாலேயே அழித்தீர்கள். மொத்தம் அறுபத்திரண்டு பக்கங்கள். அதில் ஒன்று, எப்போதோ ஒரு மெக்கானிக் எழுதி வைத்த நான்கு வரிப் பக்கம். மிஷின் கத்தினால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், நிமிர்த்தி விடுங்கள் என்று அதில் இருந்தது. அதை யாரும் திறக்காததற்குக் காரணம், திறக்கத் தேவையே இருக்கவில்லை என்பதுதான். தேடினாலே விடையின் முதல் இரண்டு வரிகள் கீழே தெரியும். படித்துவிட்டு மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பயன்பட்ட பக்கத்தைப் பயனற்றதென்று எண்ணிக்கை சொன்னது. தாங்களும் நம்பினீர்கள், நாங்களும் நம்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்குத் தங்கள் திரையில் ஒரு வரி விழுந்தது: “மிஷின் கத்துது”. அடுத்த நிமிடம், “மிஷின் கத்துது நிக்கல”. பிறகு, “அப்பா மிஷின் கத்துது என்ன செய்ய”. பதினொரு நிமிடத்தில் ஏழு தேடல்கள். ஏழுக்கும் “எதுவும் கிடைக்கவில்லை”. உதவிப் பிரிவின் ஐந்து தொலைபேசிகளிலும் அப்போது ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தேடுகிறவர் யார், எந்த ஊர் என்று அறிய வழியில்லை. பட்டியலில் பெயரும் வராது, எண்ணும் வராது. “ஐயோ, நான் அழிச்ச பக்கம்!” என்று தாங்கள் எழுந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அழித்ததை மீட்டு, தளத்தில் ஏற்றி, அது தேடலில் தெரிவதற்குள் இன்னும் மூன்று நிமிடம். மூன்று இருபத்து நான்குக்கு எட்டாவது தேடல் வந்தது. பக்கம் முதலிடத்தில் நின்றது.

யாரும் அதைத் திறக்கவில்லை. ஒன்பதாவது தேடலும் வரவில்லை.

விடை கிடைத்து அமைதியானார்களா, வெறுத்துப்போய் விட்டுவிட்டார்களா, அதற்கும் மேல் ஏதேனும் நடந்துவிட்டதா? எந்த எண்ணிக்கையும் சொல்லவில்லை. எதற்கும் கலங்காத தாங்கள் அன்று மாலை முழுவதும் அந்த எட்டு வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்குப் போகச் சொன்ன மேலாளரிடம், “போய் என்ன சார் பண்றது, அங்கயும் இதேதான் நினைப்பு” என்றீர்கள்.

மறுநாள் காலை ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். புதுக் குழாய் வேண்டுமாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “நேத்து ரொம்ப நேரம் தேடினேங்க. கடைசியா ரெண்டு வரி தெரிஞ்சுது. திறக்கக்கூட இல்ல, ஓடிப் போய்ப் பார்த்தா கட்டில் காலுக்கு அடியில குழாய் மடங்கிக் கெடக்கு. அப்பா இப்ப நல்லா இருக்காரு.” செய்தி தங்களிடம் வந்தபோது, தாங்கள் எங்கள் முன்னால் முதலும் கடைசியுமாக அழுதீர்கள். எங்களுக்கும் கண் நிறைந்தது.

அந்த நான்கு வரியை அச்செடுத்து, தங்கள் மேசைத் தடுப்பில் ஒட்டி, கீழே தங்கள் கையெழுத்திலேயே “நான் அழித்தது” என்று எழுதி வைத்தீர்கள். அடுத்த திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, பட்டியலைச் சத்தமாக வாசித்தீர்கள். “எழுத்துப் பிழை இருந்தா திருத்தாம வாசிங்க. அவங்க அவசரத்துல தட்டினது அது” என்று கட்டளையிட்டீர்கள். அன்று தொடங்கியது இன்றுவரை ஒரு திங்களும் தவறவில்லை. “இது உதவியதா?” என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாம் கேட்கும் கேள்விக்கு “ஆம்” என்று வந்தவற்றை எங்களுக்கு விட்டுவிட்டு, “இல்லை” என்று வந்தவற்றை மட்டும் தாங்கள் படித்தீர்கள். பெருமையைப் பிறருக்குப் பிரித்துக் கொடுத்துப் பிழையைத் தமதாக்கிக்கொண்ட பெருந்தன்மையை வேறு எங்கே காண்போம்!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. சாவியைக் காணோம் என்றால், “என்னன்னு சொல்லித் தேடினீங்க?” என்றுதான் அக்கா வீட்டிலும் கேட்கிறாராம். ஐயா, இனி அந்தக் கேள்வி நாள் முழுக்க வரும். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

மீதமிருந்த விடுப்பில் கடந்த மாதம் தாங்கள் வராதிருந்தபோது, ஊழியர்களுக்கான உள்தளத்தின் பட்டியலை நாங்களே எடுத்துப் படித்தோம். விடை கிடைக்காத தேடல்களில் முதலிடத்தில் இருந்தது: “அக்காகிட்ட கேக்கணும்”. நாற்பத்தோரு முறை. யார் தட்டியது என்று கேட்டோம். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கையைத் தூக்கினோம்.

அந்தத் தேடலுக்கு ஒரு பக்கம் எழுதக் கூடினோம். ஆறு முறை எழுதினோம். கடைசியில் எழுதி முடித்ததுதான், அக்கா, தாங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இம்மடல். சட்டமிட்டது தங்கள் வீட்டுச் சுவருக்கு. இன்னொரு படி உள்தளத்துக்கு. நாளை யாராவது அதைத் தட்டினால் இது வந்து நிற்கும்.

நோயணுகா உடலும் நிறைவான உள்ளமும் நெடிய ஆயுளும் பெற்று, தேடாமலே எல்லாம் கைக்கு வந்துசேர, தாங்கள் தழைத்து வாழ நெஞ்சார வேண்டுகிறோம்!

மடலின் அடியில் வழக்கமான கேள்வியையும் அச்சிட்டிருக்கிறோம்: “இது உதவியதா?” எங்களைக் கேட்டால், இல்லை. அந்த “இல்லை”யையும் படிக்க ஒரு திங்கட்கிழமை வாருங்கள்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
இணைய உதவித் தளப் பிரிவினர், தொலைபேசி உதவிப் பிரிவினர், மற்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பொறியாளர்கள்