செத்த ஈடு

"ஒங்கட அண்ணன் கள்ளன்தான் மச்சாள்." வவுணதீவிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இங்கிலிஷ் ரீச்சர், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"அண்ணனிட்ட வாங்கின கடனுக்கு வயல ஈடாக் குடுத்தன். வட்டிக்குப் பதிலா அவர் விதைச்சு வெட்டுறார். வழக்கம்தானே?"

"அதுக்கு இங்கிலிஷ்ல மோட்கேஜ். பழைய பிரெஞ்சுச் சொல்லு, செத்த ஈடு எண்டு அர்த்தம். விளைச்சல் கடன்ல கழிஞ்சா அது உயிருள்ள ஈடு. கழியாட்டிச் செத்தது."

"அப்ப வெள்ளைக்காரனுக்கும் அண்ணன்மார் இருந்திருக்காங்கள்."

"சிரிக்காதீங்க. மகளுக்குச் சீதனமாக் குடுக்க ஒங்களிட்ட வேற என்ன இரிக்கு?"

சிரிப்பு நின்றது. வலையிறவுப் பாலத்தில் பஸ் ஏறியதும் பக்கத்தில் இருந்தவள் போனை எடுத்தாள்.

"அண்ணன், நாளைக்குக் கோயில் கூட்டத்துக்கு வாங்க. இவ்வளவு காலமும் வெட்டின நெல்லுல என்ட கடன் எவ்வளவு கழிஞ்சது? ஊருக்கு முன்னால சொல்லுங்க."