டிரெய்லரை ஓட்டி வந்தது நான்தான்

பெயர் சொர்ணம்மாள். தகப்பனார் பெயர் ரெங்கசாமி. வயது அறுபத்து நான்கு. இந்து. விலாசம் யாங்கோன், போட்டாதாங், நான்காம் மாடி என்று புகாரில் எழுதியிருக்கிறது. அது என் மகன் உதயசூரியனின் விலாசம். நானும் என் கணவர் தண்டபாணியும் குடியிருப்பது டிரெய்லரில். காவல் அதிகாரி ஊ சோ நைங் பர்மிய மொழியில் கேட்டவற்றுக்கு நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் பவானி எழுதிக்கொண்டது:

என் கணவர் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே சோற்றுக்கடை வைத்திருந்தேன். படகு ஏறுகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேனே தவிர, எந்தப் படகிலும் ஏறியதில்லை. அவர் ஓய்வு பெற்றதும் கடையை மூடிவிட்டு, பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரை இன்சீன் பட்டறையில் செய்யச் சொல்லி, அதில் கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்துக் குடியேறினோம். அதன் பிறகு பெகு, தட்டோன், புரோம் என்று சண்டை இல்லாத பக்கமாகவே போனோம். தங்கும் ஊரில் வார்டு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கோயில் மைதானத்திலோ பௌத்த மடத்து வளாகத்திலோ நிறுத்திக்கொள்வோம். போகிற வழியில் அவர் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தார். என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அதிகாரியிடம் காட்டினேன்.

சென்ற மழைக்காலத்தில் புரோம் ரோட்டில், காலைச் சாப்பாட்டின்போது அவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தேநீர்க் கடைக்காரர்கள் தூக்கி முன் சீட்டில் உட்கார வைக்க, டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு, மழையில் ஆஸ்பத்திரி வரை நானே ஓட்டினேன். உயிர் தப்பினார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது.

அதன் பிறகு மகன் வந்து எங்களை யாங்கோனுக்கு அழைத்துப்போனான். அப்பாவை நான்கு மாடியும் தன் முதுகில் சுமந்து ஏறினான். குளிப்பாட்டினான், சவரம் செய்துவிட்டான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது வாசல் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு போனான். கேட்டால், "அப்பா படியில விழுந்துட்டா என்னம்மா செய்வே?" என்றான். என் கணவர் தடியூன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் பூட்டு அப்படியே இருந்தது. அவர் நாள் முழுதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தெருவில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறவர்களைப் பார்த்து, ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்வதுபோல "ஒடி, ஒடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிக்கப்பையும் டிரெய்லரையும் இன்சீனில் எங்கள் நண்பர் சின்னத்தம்பியின் லாரிக் கொட்டகையில் நிறுத்தியிருந்தோம். சென்ற வாரம் மகன், டிரெய்லரை உதுமான் என்பவர் கடை வைக்க விலைக்கு எடுத்துக்கொள்கிறார் என்றான். எங்களைக் கேட்கவில்லை. அன்று என் கணவர் தலையணை உறைக்குள் இடது கையை விட்டு, பிக்கப்பின் மாற்றுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "எடு" என்றார். புகாரில் திருட்டு என்று எழுதியிருக்கிற சாவி அதுதான். வண்டியும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்று காலை, கடைக்குப் போக வேண்டும் என்று மகனிடம் சொல்லிக் கதவைத் திறந்து வைக்கச் செய்து, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீன் போனேன். மகனிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். டிரெய்லரை பிக்கப்பில் மாட்டிக்கொண்டிருக்கும்போது உதுமான் வந்தார். "அம்மா, இது எனக்குச் சொன்ன வண்டியாச்சே" என்றார். "உள்ள பாருங்க தம்பி, எங்க பாய் தலைகாணி எல்லாம் இருக்கு. ஆள் குடியிருக்கிற வீட்டைக் கேக்கலாமா?" என்றேன். எட்டிப் பார்த்தார். அதன் பிறகு கொக்கியைப் பூட்ட அவரே கை கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை.

கியாக்டடா வழியாக பஸ்களுக்கு நடுவே ஓட்டி வந்து, மகன் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தேன். மேலே ஏறிப் பார்த்தால், என் கணவர் மூன்றாம் மாடிக்கு வந்திருந்தார். தடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கியிருக்கிறார். கைலி முழுக்க அழுக்கு. என்னைக் கண்டு சிரித்தார். நான் ஒரு படி முன்னால் இறங்க, இருவரும் இறங்கினோம். இரண்டாம் மாடியில் மகன் எதிரே ஏறி வந்தான். உதுமான் சொல்லித் தெரிந்து, போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"ரோட்டுல மறுபடி வந்துச்சுன்னா யாரு இருக்கா உங்களுக்கு?" என்று சத்தம் போட்டான்.

"போன தடவை யாருடா ஓட்டினது? நான்தானே" என்றேன்.

அவன் அப்பாவின் காலிலிருந்து நழுவிக் கீழே கிடந்த செருப்பை எடுத்து வந்து, குனிந்து மாட்டிவிட்டான். போலீஸ்காரர் வரும்வரை மூவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

நிலையத்தில் அதிகாரி என்னிடம், ஒரு கை விழுந்த மனிதரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் எப்படி ஓட்டுவாய் என்று கேட்டார். எங்கள் பிக்கப்பில் ஸ்டியரிங் வலப்பக்கம். இந்த நாட்டில் வண்டி போவதும் வலப்பக்கம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, இடது சீட்டில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கண்ணும் ஒரு சொல்லும் போதும். என் கணவருக்கு இரண்டும் இருக்கின்றன என்றேன். அதிகாரி அவரைப் பார்த்து, எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார். அவர் வெகு நேரம் வாயைக் கூட்டி, "அவ ஓட்டுற வண்டியில" என்றார்.

அதன் பிறகு மகன் புகாரைத் திருப்பிக் கேட்டான். மாதம் ஒரு முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றான். ஒப்புக்கொண்டேன். தினமும் போன் செய்ய வேண்டும் என்றான். அதையும் ஒப்புக்கொண்டேன். டிரெய்லரை விற்கும் பேச்சு இனி கூடாது என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வாயால் சொல் என்றேன். "விக்கலம்மா" என்றான். நாளை தட்டோன் வரை தானும் வருவதாகச் சொன்னான். வரட்டும். பின் சீட்டில் உட்கார்ந்து வரலாம். முன்னால் இடது சீட்டு அவன் அப்பாவுடையது.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும். எவரும் தூண்டியோ மிரட்டியோ சொன்னதல்ல. பவானி வாசித்துக் காட்டக் கேட்டு, சரி என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரெ. சொர்ணம்மாள்