எஞ்சினின் மூச்சறிந்த பொன்னுமணியம்மாளுக்கு

ஏலம் மணக்கும் போடி மண்ணின் எஞ்சின் அரசியே! ஸ்பானர் பிடித்துச் சிவந்த செங்கரத்தாளே! சத்தம் கேட்டே சங்கதி சொல்லும் சாமர்த்தியச் சிகரமே! பிஸ்டனும் பணிய, கிராங்கும் கிடுகிடுக்க, முதலாளியும் மூலையில் ஒதுங்க முழங்கும் குரலுக்கு உரியவரே! மலைவழி ஜீப்புப் பணிமனையின் எஞ்சின் பிரிவுத் தலைவி பொன்னுமணியம்மாள் அவர்களே! வணக்கம்! கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கூப்புகிற வணக்கம்!

தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் ஊரே கண்ணீர் வடிக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தோம். ஆனால் இனித் திட்டு வாங்க வேண்டாம் என்று ஜீப்பு டிரைவர்கள் வாசலில் லட்டு வழங்கிக்கொண்டிருப்பதால், அந்த வரியை அடித்துவிட்டோம்.

அவையோரே! இவருடைய பெருமைகளை வரிசையாகச் சொன்னால் பந்தியில் சாம்பார் ஆறிவிடும். ஆகவே ஒன்றே ஒன்று. குரங்கணிப் பந்தயம்!

பொங்கல் முடிந்த கையோடு, குரங்கணிக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட்டு மண்பாதையில் ஜீப்பு ஏற்றும் பந்தயம் நடக்கும் என்பது தெரிந்ததே. ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே இரண்டு தரம் ஏற வேண்டும். இரண்டில் எது வேகமோ அதுவே கணக்கு. அதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். உண்மையில் அது, ஒரு சுவரைக் கொஞ்சமே கொஞ்சம் சாய்த்து வைத்தது. அதில் போடி ஜீப்பு ஸ்டாண்டின் டிரைவர் அழகுராஜாவை, போடிமெட்டு ஸ்டாண்டின் முத்துக்கண்ணன் வருடந்தோறும் தோற்கடித்து வந்தார். அழகுராஜாவின் ஜீப்பு நீலப் புகையைக் கக்கிக்கொண்டு முக்கி முனகி ஏறும். "கொசு மருந்து வண்டி வந்துருச்சுப்பா, சன்னலைச் சாத்துங்க!" என்று மேலேயிருந்து முத்துக்கண்ணன் கூவுவார். அந்தப் புகையில் மலையிலிருந்த கொசுவெல்லாம் கேரளாவுக்குக் குடிபெயர்ந்தது உண்மை. கேட்டுப் பாருங்கள்.

அவமானம் பொறுக்காத அழகுராஜா ஒரு வருடம் வண்டியை எஞ்சின் பிரிவில் கொண்டுவந்து நிறுத்தினார். பொன்னுமணியம்மாள் ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். மேல்கோட்டையும் தாண்டி நின்றது ஆயில்.

"என்னடா அழகு இது? மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு நெய் ஊத்துற மாதிரி ஊத்தி வச்சிருக்கே?"

"எஞ்சினுக்கு வயிறு நெறையட்டும்னுதேன் ஆத்தா. கெட்டி ஆயிலாப் பாத்து ஊத்துனேன்."

"நெறைஞ்ச வயித்தோட ஒன்னய மெட்டுக்கு ஓடச் சொன்னா ஓடுவியா? அடியில கிராங்கு சுத்துறப்பல்லாம் அந்த ஆயிலப் போயி அடிக்குதுடா. அடிச்சு அடிச்சு நொரையாக்குது. ஒன் எஞ்சினுக்கு இருக்கிற குதிரை பவருல பாதி மோரு கடையப் போயிருச்சு, மீதி எப்படிடா மலை ஏறும்?"

அப்புறம் நடந்தது வைத்தியம். ஆயிலை இரண்டு கோட்டுக்கும் நடுவே இறக்கினார். கெட்டியைக் கழித்து இளக்கமானதை ஊற்றினார். செங்குத்தில் ஏறும்போது ஆயில் பின்பக்கம் ஓடிப்போய் பம்பு காற்றைக் குடித்துவிடக் கூடாது என்று, ஆயில் தொட்டிக்குள் ஒரு தடுப்புத் தகட்டைப் பற்றவைத்தார். கடைசியாக, மூச்சு! சிலிண்டரில் வெடிக்கிற புகையில் கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழே நழுவும். அது வெளியேற வழியில்லாவிட்டால் கீழிருந்தே பிஸ்டனை முட்டும், ரப்பர் சீல்களைத் தள்ளி ஆயிலைக் கசியவிடும். பழைய மூச்சுக் குழாயோ ஒல்லி. அது ஆயில் ஆவியைத் திரும்ப எஞ்சின் வாய்க்கே ஊட்டியதால்தான் அத்தனை நீலப் புகை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அகலமான குழாய் போட்டு, அதன் முனையில் தான் சோறு கொண்டுவரும் எவர்சில்வர் தூக்குவாளியையே மாட்டினார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிநார். ஆயில் அதில் தங்கும். மூடியில் துளைகள்; காற்று அதன் வழியே போகும். உலகத்துப் பந்தயக் கார்க் கம்பெனிகள் அந்த வாளியைப் பார்த்திருந்தால் வெட்கித் தலைகுனிந்திருக்கும்!

போடி ஸ்டாண்டோ கொதித்தது. "ஆயிலக் கொறச்சா எஞ்சினு இறுகிப் பிடிச்சுக்கிரும்க்கா. அப்படி ஆச்சுன்னா எங்க ஜீப்பு ஒண்ணுகூட இந்த வாசல மிதிக்காது!" என்றார்கள்.

பொன்னுமணியம்மாள் ஸ்பானரை பானட்டின் மேல் ணங்கென்று வைத்தார். "இந்த வண்டி தோத்துச்சுன்னா, அன்னைக்கே நான் இதக் கீழ வச்சுட்டு வீட்டுக்குப் போயிர்றேன். போங்கப்பா, சோலியப் பாருங்க!"

அதாவது அவையோரே, இந்த மடலை அன்றைக்கே எழுத வேண்டியதாகியிருக்கும்.

பந்தய நாள் வந்தது. முதல் ஏற்றத்தில் முத்துக்கண்ணன் பறந்தார். அடுத்து அழகுராஜா. முதல் வளைவு வரை புலி. இரண்டாவது வளைவில் பூனை. மூன்றாவதில் அளவுக்கம்பி துள்ளி எகிற, பானட்டு இடுக்கில் ஆயில் வழிய, ஆமையாக ஊர்ந்து உச்சி சேர்ந்து, அதைவிட மெதுவாகக் கீழே இறங்கி வந்தது ஜீப்பு.

"அக்காவுக்கு மாலை வாங்கச் சொல்லவா?" என்று முத்துக்கண்ணன் கேட்டார். பொன்னுமணியம்மாள், நாளைக் காலை எழுந்து எங்கே போவது என்று ஒரு கணம் நினைத்தார். மறுகணமே அந்த நினைப்பை முந்தானையோடு சேர்த்து இழுத்துச் செருகிக்கொண்டு பானட்டைத் தூக்கினார்.

உள்ளே பார்த்தால், தூக்குவாளி கோயில் கலசமாகக் காட்சி தந்தது! மூடி முழுக்க விரல் கனத்துக்குச் சந்தனம், நடுவே குங்குமம், கழுத்தில் கனகாம்பரம்.

"அழகு... இது யாரு வேலை?"

"நாந்தேன் ஆத்தா. புதுச் சாமானு, பூசை போடாம எடுத்தா ஆகாதுன்னு காலையில வெரசாப் பூசிவிட்டேன். கொறை வச்சுறக் கூடாதுன்னு கொஞ்சம் அப்பலாவே..."

"மூக்கப் பொத்திவிட்டு மலையேறச் சொல்லியிருக்கியேடா, பாவி!"

சந்தனம் எஞ்சின் சூட்டில் காய்ந்து சிமெண்டாகித் துளைகளை எல்லாம் அடைத்திருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். கூந்தல் சரிந்து விழ, கோபத்தில் கண் சிவக்க, துளை துளையாகக் குத்தித் திறந்தார். கடைசித் துளை திறந்தபோது எஞ்சின் விட்ட பெருமூச்சில் எதிர் வரிசையில் நின்றவர்களின் துண்டுகள் பறந்தன. கூட்டிச் சொல்கிறோம் என்பவர்கள், துண்டு பறிகொடுத்தவர்களைக் கேட்கலாம். சிந்தியது கொஞ்சம்தான், ஆயில் கீழ்க்கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது என்று கம்பியைத் துடைத்துச் சரிபார்த்துவிட்டு, "ஏறுடா" என்றார்.

இரண்டாம் ஏற்றம்! எப்படிச் சொல்வோம்! ஜீப்பு ஏறவில்லை; மலைதான் சரசரவென்று இறங்கியது. ஒரு நூல் நீலப் புகை இல்லை. காப்பிச் செடியில் பழம் உதிர்ந்தது. முத்துக்கண்ணனின் சிறந்த நேரத்தை நான்கு நொடி வித்தியாசத்தில் முந்திவிட்டு, உச்சியில் நிற்க மனமில்லாமல் அடுத்த மாநிலம் வரை போகப் பார்த்த வண்டியை அழகுராஜா பிரேக்கின் மேல் ஏறி நின்று நிறுத்தினார். இறங்கி ஓடிவந்து அழுதார். அன்று சாயங்காலம் முத்துக்கண்ணன் தன் ஜீப்பையும் ஓட்டிக்கொண்டு வந்து, "அக்கா, எனக்கும் ஒரு தூக்குவாளி மாட்டிவிடுங்க" என்று பணிமனை வாசலில் நின்றார். பொன்னுமணியம்மாள் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. இன்று வரைக்கும்!

அன்புத் தலைவியே! இன்று அதைத் தாங்களாகவே கீழே வைக்கிறீர்கள், யாரிடமும் தோற்காமல். நூறாண்டு நோயின்றி வாழ்க! முழங்கால் தேயாமல், முகம் வாடாமல், குரல் மட்டும் குறையவே குறையாமல் வாழ்க! வீட்டில் சும்மா இருந்து உள்ளுக்குள் அழுத்தம் ஏறினால் அடக்கி வைக்காதீர்கள். நேரே இங்கே வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போங்கள்.

வழக்கப்படி இன்று தங்களுக்கு மாலையும் பொன்னாடையும் சந்தனமும் உண்டு. சந்தனக் கிண்ணத்தை அழகுராஜாதான் வாங்கி வைத்திருக்கிறார். பதற வேண்டாம். மூக்கை விட்டுவிட்டுத்தான் பூசுவார்.

இங்ஙனம்,
தங்கள் திட்டில் தழைத்த
மலைவழி ஜீப்புப் பணிமனைப் பணியாளர்கள்,
போடிநாயக்கனூர்.

(எழுதிக் கொடுத்தவர்: தங்களுக்கு முன்னரே ஓய்வு பெற்று ஆனந்தமாயிருக்கும் ஸ்டோர் பெரியகருப்பன்)