மூன்று முறை ஊத வேண்டும்

எங்கள் வளாகத்தில் செருப்பைக் கழற்றி எங்கே விட்டாலும் சாயந்திரம் அங்கேயே இருக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். மூன்று வருடமாக ஒரு சைக்கிளோ ஒரு செல்போனோ காணாமல் போனதில்லை. படவேட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இப்படி ஒரு பல்கலைக்கழகம் இருப்பதற்குக் கொஞ்சம் நானும் காரணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மாணவியர் பாதுகாப்பு அலுவலர் தேவி வருகிறார் என்றால் கேன்டீன் மாஸ்டர்கூட எழுந்து நிற்பார்.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே மஞ்சள் விசில் ஒன்று கொடுத்துவிடுவேன். தனியாகப் போகாதே, நடக்கும்போது காதில் பாட்டு வேண்டாம், ஆபத்தென்றால் மூன்று முறை ஊது. அதைக் கேட்டவர் யாராக இருந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அந்த விதியை எழுதியவளே நான்தான். ஒத்திகையில் முதல் ஆளாக ஓடுபவளும் நான்தான். ஐம்பத்திரண்டு வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிக்கல் என்னவென்றால், எதுவுமே நடக்காத இடத்தில் பயம் தங்குவதில்லை. ஒருத்தி விசிலைச் சாவிக்கொத்தில் கோத்தாள். இன்னொருத்தி ஹாஸ்டல் நாயின் கழுத்தில் கட்டினாள். நாய்க்கு அது அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கோகிலவாணி மட்டும் ஒழுங்காகக் கழுத்தில் போட்டிருந்தாள். மலைமேலிருந்து வந்த பெண், தாவரவியல் இரண்டாம் வருடம், சரியான வாயாடி. எனக்கு ரொம்பப் பிடித்தவள். ஆனால் சனிக்கிழமைதோறும் புளியந்தோப்பு ஒற்றையடிப்பாதையில் தனியாகத்தான் ஊருக்குப் போவாள். பஸ்ஸில் போ என்றால் கேட்கமாட்டாள்.

"இன்னா மேடம், எங்காளுங்க நடக்கற பாதைங்க அது. போன மாசம் பர்ஸ வுட்டுட்டேன். திரும்பி வர்றப்போ கிளையில தொங்குது. அங்க யாரு என்னை இன்னா பண்ணப்போறாங்க?"

மலைக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம். பாதையில் கிடக்கும் பொருளை எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று பக்கத்து மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு பெண்ணை இவ்வளவு அசட்டையாக வளர்க்கும் வழக்கத்தை நான் எப்படிப் பாராட்டுவது?

அதனால் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, முகத்தில் துண்டைச் சுற்றி, கையுறையும் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போய்ப் பையைப் பிடுங்கினேன். ஒரு பாடம், அவ்வளவுதான். அவள் பையை விடவில்லை. அவள் இழுக்க, நான் இழுக்க, பை என் கையோடு வந்துவிட்டது. அவள் பின்பக்கமாகச் சரிந்து ஓடைப் பள்ளத்தில் விழுந்தாள். பையைப் பாதையில் போட்டுவிட்டு மரங்களுக்குள் ஒதுங்கினேன்.

ஐந்து மணிக்கு ரங்கன் வந்தார். படவேட்டில் புளி விற்றுவிட்டு மலையேறுகிறவர். கிடந்த பையை எடுத்துக் கிளையில் மாட்டிவிட்டு அவர்பாட்டுக்குப் போனார். பள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை. நான் அப்போதும் அங்கேதான் இருந்தேன்.

மறுநாள் அவளை உயிரில்லாமல் எடுத்தார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு ஹாஸ்டலே சாட்சி. ஆனால் அடுத்த இரண்டு வாரம் எங்கள் வளாகம் கண்கொள்ளாக் காட்சி, மேடம். நான்கு நான்கு பேராக நடந்தார்கள். நாயின் கழுத்து விசில்கூட உரியவளிடம் திரும்பிவிட்டது.

அப்புறம்தான் பையில் இருந்த கைரேகையை வைத்து நீங்கள் ரங்கனைப் பிடித்தீர்கள். அந்தப் பக்கம் அவரைப் பார்த்தேன் என்று நானும் சாட்சி சொன்னேன். பார்த்தது உண்மைதானே.

"கீழ கெடந்துச்சும்மா, எடுத்து மாட்னேன். பொண்ணு தேடிக்கினு வருமேன்னுதான்" என்று அவர் உங்களிடம் அழுதபோது பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். பாவமாக இருந்தது.

ஆனால் இங்கே நான் வந்தது அதற்காக இல்லை. அவர் உள்ளே போனதும் பிள்ளைகள் பழையபடி ஆகிவிட்டார்கள். தனியாகப் போகாதே என்றால், "அதான் ஆளப் புடிச்சிட்டாங்களே மேடம்" என்கிறார்கள். காதில் மறுபடியும் பாட்டு.

விழுந்ததுமே உயிர் போய்விட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. ஊதினாள். மூன்று முறை, நடுவில் சரியான இடைவெளி, நான் சொல்லிக்கொடுத்தபடியே. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் இறங்கிப் போனால் துண்டுக்குள் இருந்தது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்கும்? நாலரை வரைக்கும் ஊதினாள். கடைசியில் இரண்டு முறைதான் கேட்டது. இரண்டு முறை ஊதினால் என்ன செய்வது என்று விதியில் இல்லை.

ரங்கனை விட்டுவிடுங்கள், மேடம். ஆனால் என் பெயர் வெளியே வேண்டாம். ஆள் இன்னும் சிக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், விசில் கொடுக்க நான் அங்கே இருக்க வேண்டும்.