நீல வேனுக்குப் பழைய திரை

மனைவி: …அதெல்லாம் இருக்கட்டுங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. நீலம் ஏன் வேணாம்?

கணவர்: நீலம் வேணாம்னு யாரு சொன்னா? டீசல் வேணாம்னுதான் சொன்னேன்.

மனைவி: நீலம்தான் டீசல். வெள்ளைதான் பெட்ரோல். இந்த இடத்துல விலைக்கு நிக்கிறதே ரெண்டு வேன்.

மெக்கானிக்: ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க. நான் என்ஜினப் பாக்கவா, உங்க சண்டையப் பாக்கவா?

கணவர்: நீயே சொல்லுய்யா. முப்பது வருஷமா வண்டியப் பிரிச்சுப் போட்டவன் நீ.

மெக்கானிக்: காலையிலேயே சொல்லிட்டேன். உள்ள கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, அலமாரின்னு ஒரு குடித்தனத்தையே ஏத்தி வச்சிருக்கு. இந்தக் கனத்த மேட்டுல இழுக்க டீசல்தான் லாயக்கு. வெள்ளையும் மோசமில்ல. சத்தம் கம்மி, ரிப்பேர் வந்தாலும் சின்ன ரிப்பேர்தான். ஆனா ஏத்தம் வந்துச்சுன்னா பெட்ரோலத் தண்ணியாக் குடிக்கும்.

கணவர்: குடிச்சா குடிக்கட்டும்.

மனைவி: கேட்டீங்களாண்ணே? நான் பல் விளக்குறப்ப குழாய மூடலன்னா வீட்டையே ரெண்டாக்குற மனுஷன். "குடிக்கட்டும்"ங்கிறாரு.

கணவர்: உனக்காகத்தான்டி சொல்றேன். டீசல் தடதடன்னு சத்தம் போடும். உனக்குத் தலைவலி வந்துரும்.

மனைவி: உங்க குறட்டைக்குப் பக்கத்துல முப்பத்திரண்டு வருஷமாத் தூங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகல.

மெக்கானிக்: அது நியாயம்.

கணவர்: புகை…

மெக்கானிக்: புகைக்கெல்லாம் சோதனை பண்ணிச் சீட்டு வச்சிருக்காங்க. பாத்துட்டேன். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்குங்க. டீசல் வண்டிய கிட்டக்க கிட்டக்க ஓட்டினா, புகைய வடிகட்டுற சாமான் அடைச்சுக்கும். தூரம் ஓட்டறவங்களுக்குத்தான் அது சரி. நீங்க எவ்வளவு தூரம் போவீங்க?

கணவர்: கடைத்தெரு வரைக்கும்தான்.

மனைவி: கடைத்தெருவுக்கு எதுக்குங்க கட்டில் போட்ட வண்டி? கத்திரிக்காய் வாங்கிட்டு ஒரு தூக்கம் போட்டு வரவா?

மெக்கானிக்: மாட்டிக்கிட்டியா.

கணவர்: நீ யாரு பக்கம்?

மெக்கானிக்: நான் என்ஜின் பக்கம். உங்க நடுவுல என்னை இழுக்காதீங்க. ஒரு தடவ பட்டது போதும். உங்க வீட்டு சோபாவுல இவன் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், நான் நடுவுல… "அண்ணே, காபி ஆறுதுன்னு அவருகிட்ட சொல்லுங்க"ன்ன பாரு தங்கச்சி, அன்னிக்கே எழுந்து ஓடியிருக்கணும்.

மனைவி: பதினோரு நாளு பேச்சே இல்ல. அந்தத் தடவ நான்தான் ஜெயிச்சேன்.

கணவர்: குளியலறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சுய்யா. உள்ள நின்னுக்கிட்டு இவளக் கூப்பிடாம வேற யாரக் கூப்பிட?

மனைவி: கூப்பிட்டீங்கல்ல? முதல்ல வாயத் திறந்தவங்க தோத்தவங்க. அதான் நம்ம வீட்டுச் சட்டம்.

கணவர்: ஆஸ்பத்திரி வரவேற்புல உக்காந்து பொழுதன்னிக்கும் போன்ல பேசினவ. வீட்டுக்கு வந்து வாய மூடிட்டான்னா, பூட்டுக்காரன் வந்தாலும் திறக்க முடியாது.

மனைவி: சரி, அந்தப் பையக் கொடுங்க.

கணவர்: எது?

மனைவி: உங்க தோள்ல தொங்குதே, அது. நான் நீலத்துக்குள்ள போயி அளவு பாக்கறேன்.

மெக்கானிக்: பையில என்ன தங்கச்சி?

மனைவி: ஜன்னல் திரைண்ணே. எங்க பழைய வேனுக்கு அக்கா தைச்சுக் கொடுத்தது. இந்த நீலமும் அதே மாதிரி வண்டிதான, ஜன்னலும் அதே அளவாத்தான் இருக்கும். அக்கா தவறின வாரமே அந்த வண்டிய இவரு பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிட்டாரு. என்னைக் கேக்கவே இல்ல. ஓடிப்போயி திரைய மட்டும் கழட்டிட்டு வந்தேன்.

மெக்கானிக்: பன்னெண்டு வருஷமாவா வச்சிருக்க…

மனைவி: வருஷத்துக்கு ஒரு தடவ துவைச்சு மடிச்சு வச்சிருவேன். மூணு பேருமா ஊர் சுத்தணும்னுதானே அவ தைச்சா. ஒரு தடவ கூட ஏறல… சரி, நான் பாத்துட்டு வரேன்.

கணவர்: படி உயரமா இருக்கு. பாத்து ஏறு.

மெக்கானிக்: உள்ள போயிட்டா.

கணவர்: என்ன அப்படிப் பாக்குற?

மெக்கானிக்: இன்னும் சொல்லலையா நீ?

கணவர்: மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

மெக்கானிக்: டேய். பன்னெண்டு வருஷம்டா.

கணவர்: என்னன்னு சொல்லச் சொல்ற? "உங்கக்கா உனக்காகக் காத்துக்கிட்டுக் கிடந்தாங்க, நான் டீசல் வண்டிக்குப் பெட்ரோலப் போட்டு உன்ன நடுரோட்டுல நிறுத்திட்டேன்"னா?

மெக்கானிக்: அப்படித்தான் சொல்லணும். டேங்கக் கழட்டி நான்தான் ஊத்தினேன். பெட்ரோல் வாடை மூக்கத் துளைச்சுது. "அவகிட்ட டீசல இழுக்குற பம்ப் போயிருச்சுன்னு மட்டும் சொல்லுய்யா"ன்னு கையப் பிடிச்ச. நானும் சொன்னேன். ஒரு மாசத்துல நீயே சொல்லிருவேன்னு நெனச்சுத்தான் சொன்னேன்.

கணவர்: பம்ப் போனது உண்மைதானே.

மெக்கானிக்: ஏன் போச்சுங்கிறது?

மனைவி: ஏங்க, இந்தப் பக்கம் அப்படியே பொருந்துது. கம்பி கூட அதே இடத்துல இருக்கு.

கணவர்: சரிம்மா… அந்தப் பக்கமும் பாரு.

மெக்கானிக்: அதனாலதான் வெள்ளையா?

கணவர்: நீயே ஒரு தடவ சொன்ன. பெட்ரோல் டேங்குக்கு வாய் சின்னது, டீசல் குழாய் தடிப்பு, உள்ள நுழையாதுன்னு. அதுல தப்பு பண்ணணும்னு நெனச்சாலும் பண்ண முடியாது. டீசல் டேங்குக்கு வாய் பெருசு. எதக் கொடுத்தாலும் வாங்கிக்கும்.

மெக்கானிக்: இதுக்காக ஏத்தத்துல மூச்சு முட்டுற வண்டிய வாங்குவியா?

கணவர்: முப்பத்தோரு வருஷம் மருந்துக்கடையில நின்னேன். ஒருத்தருக்கு ஒரு மாத்திரை மாத்திக் கொடுத்ததில்ல. அன்னிக்கும் பங்க்ல நிக்கிறப்ப கடையிலருந்துதான் போன். யாரோ ஒரு டாக்டர் கிறுக்கின சீட்டு, படிக்க முடியலன்னு. ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்லி, மருந்து பேரு, அளவு, காலையிலயா ராத்திரியா… அத்தனையும் கேட்டேன். யாருக்கோ அவ்வளவு பாத்தேன்யா. என் கையில இருந்த குழாய் பெட்ரோல் பச்சையா, டீசல் கறுப்பான்னு பாக்கல.

மெக்கானிக்: அசதியா இருந்திருக்கும்.

கணவர்: எப்பவும் அவதான் உள்ள இருந்தே சொல்லுவா. "கறுப்பு, கறுப்பு"ன்னு. நான் கூட எரிஞ்சு விழுவேன், எனக்குத் தெரியாதான்னு. அன்னிக்கு எங்களுக்குள்ள பேச்சில்ல. முந்தின நாள் சாயங்காலமே போன் வந்துச்சு, அக்காவுக்கு முடியலன்னு. இப்பவே கிளம்பணும்னா. விடிஞ்சதும் போலாம்னேன். அதோட வாய மூடினவதான்.

மெக்கானிக்: இந்தா பாரு. நான் ஆபீஸ்ல போயி சாவி வாங்கிட்டு வரேன். ரெண்டு சாவியும் வாங்கிட்டு வருவேன். வர்றதுக்குள்ள சொல்லி முடி. இல்லன்னா நான் சொல்லிருவேன்.

கணவர்: யோவ்… யோவ், நில்லு.

மனைவி: எங்க போறாரு அண்ணன்?

கணவர்: சாவி வாங்க. இறங்கிட்டியா? திரை எங்க?

மனைவி: மாட்டிட்டேன். அங்கேயே தொங்கட்டும்.

கணவர்: வண்டியே வாங்கல, அதுக்குள்ள திரை மாட்டிட்டியா?

மனைவி: ஆமா. இப்ப சொல்லுங்க, ஏன் வேணாம்? சத்தம் இல்ல, புகை இல்ல, கடைத்தெருவும் இல்ல. ஒரு காரணமும் நிக்கல. நிக்கிற காரணத்தச் சொல்லுங்க.

கணவர்: நாளைக்கு வந்து பாத்துக்கலாமே. என்ன அவசரம்?

மனைவி: நாளைக்கு, நாளைக்குன்னே நம்ம காலம் போயிருச்சு. அன்னிக்கும் அதையேதான் சொன்னீங்க.

கணவர்: குத்திக் காட்டுற.

மனைவி: குத்திக் காட்டல. கேக்கறேன்.

கணவர்: இங்க உக்காரு. இந்தப் படியில.

மனைவி: உக்காந்துட்டேன்.

கணவர்: அன்னிக்கு… வண்டி நின்னுதுல்ல. அந்த மேட்டுல.

மனைவி: ம்.

கணவர்: பம்ப் தானாப் போகல. நான்… பங்க்ல நான் பெட்ரோல் அடிச்சுட்டேன். போன்ல பேசிக்கிட்டே. கால் மணி நேரம் ஓடிச்சு, அப்புறம் திக்கித் திக்கி நின்னுருச்சு. எனக்கு அப்பத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. இவன் வந்து டேங்கத் திறந்தப்பதான் தெரியும். அதுக்கப்புறம் உனக்குச் சொல்ல வாய் வரல.

மனைவி: …

கணவர்: நாலு மணிக்குப் போய்ச் சேந்தோம். உங்கக்கா பன்னெண்டரைக்கே போயிட்டாங்க. "தங்கச்சி வண்டி எங்க வருது"ன்னு நாலு தடவ கேட்டாங்கன்னு அந்த நர்ஸ் சொன்னப்ப நீ என் கையத்தான் பிடிச்சுக்கிட்டு நின்ன. அந்தக் கைதான் அடிச்சது. உன்ன வளத்தவங்க. அம்மா ஸ்தானத்துல இருந்தவங்க. எப்படிச் சொல்லுவேன்?

மனைவி: …

கணவர்: அந்த வண்டிய என்னால பாக்க முடியல. அதான் உன்னைக் கேக்காம தள்ளி விட்டேன். ஒவ்வொரு தடவ நீ "விதி, பம்ப் அன்னிக்கா போகணும்"னு சொல்றப்பவும் சொல்லிரலாம்னு வரும். முழுங்கிருவேன். நான் கோழைம்மா. வேற ஒண்ணும் இல்ல.

மனைவி: தண்ணி குடிக்கிறீங்களா?

கணவர்: தண்ணி வேணாம். திட்டு. என்ன வேணாலும் சொல்லு. மறுபடி பேசாம மட்டும் இருக்காத. என்னால தாங்க முடியாது.

மனைவி: பேசிக்கிட்டுதான இருக்கேன்.

கணவர்: உனக்குக் கோவம் வரலையா?

மனைவி: நீங்க எப்பச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. நாம வேற வண்டி வாங்கணும்னு நான் ஏன் இத்தன நாளா நச்சரிச்சேன்? அதுவும் டீசல்தான் வேணும்னு ஏன் நின்னேன்?

கணவர்: திரைக்குத்தானே.

மனைவி: திரைக்கும்தான்.

கணவர்: அப்ப… உனக்குத் தெரியுமா? அவன் சொல்லிட்டானா?

மனைவி: அண்ணன் எதுவும் சொல்லல. பாவம், அவர ஏன் இழுக்கறீங்க.

கணவர்: பின்ன?

மனைவி: மூக்கத் தொடைங்க முதல்ல. இந்தாங்க. அறுபத்தஞ்சு வயசுல வேன் படியில உக்காந்து அழுதா, விக்கிறவரு விலைய ஏத்திருவாரு.

கணவர்: அதோ வரான், ரெண்டு சாவியும் ஆட்டிக்கிட்டு… சரி. நீலத்தையே எடுத்துக்கலாம். உங்கக்கா திரை மாட்டின வண்டி. ஆனா ஒண்ணு. பங்க்ல நான் இறங்க மாட்டேன். நீதான் இறங்கி அடிக்கணும். என் கைய நான் நம்ப மாட்டேன்.

மனைவி: நீங்களே அடிங்க. நான் உள்ள உக்காந்து பக்கக் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருப்பேன். பச்சைய எடுத்தீங்கன்னா இந்தத் தடவ சொல்லிருவேன்.

கணவர்: இந்தத் தடவையா?

மனைவி: அன்னிக்கும் பாத்துக்கிட்டுதாங்க இருந்தேன். பச்சைய எடுத்தீங்க, மூடியத் திறந்தீங்க, அடிச்சீங்க, எல்லாம் கண்ணாடியில தெரிஞ்சுது. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, "கறுப்பு"ன்னு… நீங்களே முதல்ல பேசணும்னு வாய மூடிக்கிட்டேன்.