ஆண்டனி அழுத்திவிட்டுப் போன விசை

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! கடையடைத்து வந்திருக்கும் செக்காலை வணிகப் பெருமக்களே! முன்வரிசையில் இருக்கும் ஆண்டனியின் மனைவி கிறிஸ்டி அவர்களே, செபஸ்தியம்மாள் அவர்களே! பக்கத்துக் கடையில் அச்சகம் நடத்தும் உடையப்பனின் வணக்கம்.

யாருக்கு இரங்கல் சொல்ல நிற்கிறேன்? கணினித் தொண்டர் சகாய ஆண்டனிக்கா? அடக்கம் முடிந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊரே விண்டோஸ் விண்டோஸ் என்று அலைந்தபோது, லினக்ஸ் போட்ட கணினியோடு கடை திறந்தவர் ஆண்டனி! பிரான்சுக்குக் கடிதம் அடிக்க வேண்டுமா? இந்த வட்டாரத்தில் அவரை விட்டால் யார்? பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் கோடும் கொம்பும் இருக்கும். மற்ற கடைகளில் அச்செடுத்தபின் பேனாவால் போட்டுக் கொடுப்பார்கள். ஆண்டனி விசைப்பலகையிலேயே போடுவார்.

"ஏன் தம்பி இந்த மல்லுக்கட்டு? பேனாவுல இழுத்து விட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

"அண்ணே, உங்க பேரைப் புள்ளி இல்லாம அச்சடிச்சுட்டு, பேனாவுல வச்சுக் குடுத்தா வாங்கிக்கிடுவீகளா?" என்றார்.

எப்படி என்று எனக்கும் காட்டினார். வலப்பக்கத்து ஆல்ட் விசையை அதற்கென்றே மாற்றி வைத்திருந்தார். முதலில் அதை அழுத்த வேண்டும். அடுத்து ஒற்றை மேற்கோள் குறி. திரையில் ஒன்றும் வராது! "கெட்டுப் போச்சாப்பா?" என்றேன். "பொறுங்கண்ணே, அது காத்துக்கிட்டு இருக்கு" என்றார். பிறகு எழுத்தை அழுத்தினார். தலையில் கோட்டோடு வந்து நின்றது.

கடையில் அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "கணினியை மட்டும் அணைச்சிறாதீக!" யாரோ அவசரத்தில் சுவிட்சைத் தட்டிவிட, ஒருமுறை எல்லாம் அழிந்து போனதாம். அதிலிருந்து செக்காலையில் எவரும் அந்தச் சுவிட்சைத் தொட மாட்டோம்.

செபஸ்தியம்மாளின் கணவர் உபகாரசாமி பிரான்சில் சமையல்காரராக இருந்து, அங்கேயே அடக்கமானவர். அந்தக் கல்லறையைக் குடும்பத்தார் வைத்துக்கொள்கிறார்களா, இல்லை தோண்டி வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று அந்த நகராட்சி கேட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். பங்குத்தந்தை பிரெஞ்சில் எழுதிக் கொடுத்ததை அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆண்டனி நாற்காலியிலிருந்து சரிந்தார். நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடையைப் பூட்டினோம். பாவி உயிர், பாதி வழியிலேயே போய்விட்டது!

அடக்கம் முடிந்த மறுநாள் செபஸ்தியம்மாள் என் வாசலில் வந்து நின்றார்கள். "அய்யா, எங்க வீட்டுக்காரரைத் தோண்டிப் போட்டுருவாகளா?" என்றார்கள்.

கிறிஸ்டியிடம் சாவி வாங்கித் திறந்தேன். பூட்டிய அறைக்குள் கணினி உறுமிக்கொண்டிருந்தது. மவுஸை அசைத்தேன், திரை விழித்தது. பாதிக் கடிதம். கடைசிச் சொல்லின் முதல் எழுத்து மட்டும் நின்றது. பங்குத்தந்தை எழுதிய தாளில் விரல் வைத்து அந்தச் சொல்லைப் பார்த்தேன். 'காலமான' என்று பொருளாம், பிறகு பங்குத்தந்தை சொன்னார். அடுத்தது கோடு போட்ட எழுத்து. பதற்றத்தில் ஆண்டனி சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துபோக, வெறும் e எழுத்தையே அழுத்தினேன்.

é என்று வந்தது!

அய்யோ, நான் கோடு போடவில்லையே! கையை இழுத்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது. ஆல்ட்டையும் மேற்கோளையும் அழுத்திவிட்டுத்தான் அவர் சரிந்திருக்கிறார். அடக்கம் வரைக்கும், அதற்குப் பிறகும், அது காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்கு மேல் அடிக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். ஆனால் இந்த அவையில் உறுதி சொல்கிறேன். கூட்டம் முடிந்ததும் நேரே அங்கே போகிறேன். செபஸ்தியம்மாளே, கடிதம் நாளைத் தபாலில் போகும். இனி வருகிற கடிதங்களும் அங்கேதான் அடிக்கப்படும்.

பயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சொல்லிலேயே இன்னும் கோடுகள் பாக்கி. அவர் போட்டுவிட்டுப் போனது ஒன்றுதான், அதை நான் செலவழித்துவிட்டேன். இனி நான் அழுத்தினால்தான் வரும்.

கிறிஸ்டி, அதுவரைக்கும் கணினியை அணைச்சிறாதீகம்மா.